எண்ணிக்கை எதற்குச் சான்று?

பெருங்குடலிலும் மலக்குடலிலும் தோன்றிய புற்றுநோய் உடலிற் பரவிய நிலையில், நோயாளியின் குருதியில் திரியும் புற்றணுக்களை எண்ணிப் பார்த்து, அவை மிகுந்திருப்பின் மருந்தை மிகுத்தும், குறைந்திருப்பின் மருந்தைக் குறைத்தும் மருத்துவம் செய்யலாம் என்னும் கருத்து இந்நூற்றாண்டில் பெரிதும் பேசப்பட்டு வருகிறது. கேட்ட அளவில் உள்ளம் கொள்ளும் கருத்து இது. வயிற்றைத் திறக்க வேண்டா. கட்டியைக் கிள்ளி எடுக்க வேண்டா. கையில் ஓர் ஊசி, ஒரு சிறு குழாய்க் குருதி, அதில் எத்தனை அணுக்கள் என்று ஓர் எண். அந்த எண்ணைக் கொண்டு மருந்தை அளக்கலாம் என்றால் யார்தாம் விரும்பார்? விரும்பத்தக்கது என்பதனாலேயே அது மெய்ப்பிக்கப்பட்டதாகிவிடுமா என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

தமிழாசிரியர் படிக்கும் பக்கத்தில் மருத்துவ ஆராய்ச்சிக்கு என்ன இடம் என்று கேட்பார் உளர். சான்று காட்டிப் பேசும் துறைகள் அனைத்துக்கும் ஒரு பொதுநெறி உண்டு. பழைய நூல் ஒன்றில் பிற்காலச் சொல் பயின்று வருமானால், அதனைக் கொண்டு அந்நூலின் காலத்தை ஒருவாறு உய்த்துணர்கிறோம். அதே சொல்லைக் காட்டி, 'இந்நூலை இயற்றியவர் இன்னார்' என்று ஒருவர் முடிவு கட்டினால் ஒப்புவோமா? ஒப்போம். காலத்திற்குச் சான்றாவது ஆசிரியருக்குச் சான்றாகாது. குருதியில் திரியும் புற்றணு பற்றிய வழக்கும் இத்தகையதே. அணுக்களின் எண்ணிக்கை நோயின் போக்குக்குச் சான்றாகிறது. இதனை மறுப்பார் இலர். மருந்தின் தேர்வுக்கும் அதுவே சான்றாகுமா என்பது வேறு வினா. இவ்விரு வினாக்களையும் ஒன்றெனக் கொண்டு மயங்குவதே இத்துறையில் மீண்டும் மீண்டும் நிகழ்வது.

பொருளுக்குள் புகுமுன் சொல்லைப் பற்றி ஒரு சொல். மேலைநாட்டார் வழங்கும் 'கான்சர்' என்னும் பெயர் நண்டைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. கட்டியைச் சூழ்ந்து புடைத்த நாளங்களை நண்டின் கால்களாகக் கண்டனர் பண்டைக் கிரேக்கர். நம் 'புற்று' என்னும் சொல்லோ கறையான் எழுப்பும் மண்மேட்டை நினைவூட்டுவது. நண்டு நடக்கும், புற்று நடவாது. ஆயினும் பெருங்குடற் புற்றில் உயிரைக் கொள்வது பெரும்பாலும் தோன்றிய இடத்துக் கட்டி அன்று. அதனின்று பிரிந்து போய்க் கல்லீரலிலும் நுரையீரலிலும் குடியேறும் அணுக்களே. அவ்வணுக்களைச் 'சுற்றோட்டக் கட்டி உயிரணுக்கள்' என மொழிபெயர்ப்பது சொல்லுக்குச் சொல் சரியாயிருக்கலாம். வகுப்பில் அதனைச் சொல்லி மாணவர் முகத்தைப் பார்த்தால் அதன் குறை விளங்கும். 'குருதியில் திரியும் புற்றணுக்கள்' என்றே இக்கட்டுரையில் வழங்குவோம். வேதிமருத்துவத்தை மக்கள் 'கீமோ' என்கின்றனர். அது நிலைபெற்று விட்ட சொல். அதனையும் தள்ள வேண்டுவதில்லை.

இவ்வணுக்கள் இன்று நேற்றுக் காணப்பட்டவை அல்ல. 1869ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியாவில் ஆஷ்வொர்த் என்னும் மருத்துவர், புற்றுநோயால் இறந்த ஒருவரின் குருதியை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்து, அவருடலிலிருந்த கட்டிகளின் அணுக்களை ஒத்த அணுக்கள் அதிலும் இருத்தலைக் கண்டு எழுதினார். இருபது ஆண்டுகள் கழித்து, 1889இல், இங்கிலாந்தில் ஸ்டீபன் பேஜெட் என்பார் மார்புப் புற்றால் இறந்த 735 பெண்டிரின் பிண ஆய்வுக் குறிப்புகளைத் தொகுத்து ஆராய்ந்தார். நோய் எல்லா உறுப்புகளிலும் ஒருபடித்தாய்ப் பரவவில்லை. சில உறுப்புகளையே நாடிச் சென்றிருந்தது. விதை எத்திசையும் போகும். ஏற்ற நிலத்தில்தான் முளைக்கும் என்று அவர் உழவர் மொழியில் இதனை விளக்கினார். 1970இல் பிட்லர் என்பார் கதிரியக்கக் குறியிட்ட புற்றணுக்களை எலிகளின் குருதியிற் செலுத்திப் பார்த்தபோது, ஒரு நாள் கழிவதற்குள் ஆயிரத்தில் ஒன்றுகூட உயிரோடு எஞ்சவில்லை. தூவிய விதையை எண்ணி விளைச்சலைச் சொல்ல முடியாது என்பதனை நம் உழவர்க்கு யாரும் கற்பிக்க வேண்டுவதில்லை. இதனை மனத்திற் கொண்டு மேலே செல்வோம்.

கை படாத அறுவை

திரியும் புற்றணுவைக் கண்டவுடன் மருத்துவ முறையை மாற்றும் ஆர்வம் இதற்கு முன்னும் ஒருமுறை எழுந்ததுண்டு. அவ்வரலாற்றைச் சற்று விரித்துரைப்பது பயன்தரும்.

1950களில் அமெரிக்காவில் கிளீவ்லந்து மருத்துவ நிலையத்தைச் சார்ந்த டர்ன்புல் என்னும் அறுவை மருத்துவரும், பிஷர் என்பாரும், அறுவை செய்யுங்கால் குடலினின்று வரும் சிரைக் குருதியை எடுத்து ஆராய்ந்து, அதிற் புற்றணுக்கள் இருத்தலை 1955இல் வெளியிட்டனர். அறுவை மருத்துவர் கட்டியைக் கையாற் பிசைந்து புரட்டும்போதே அணுக்கள் பிழியப்பட்டுக் குருதியில் விழுகின்றன என்பது டர்ன்புல்லின் எண்ணம். ஆதலின் கட்டியைத் தொடுவதற்கு முன்னரே அதற்குச் செல்லும் நாளங்களைக் கட்டி அடைத்துவிட வேண்டும் என்றார். இதற்குத் 'தொடா முறை' என்று பெயராயிற்று. 1967இல் அவர் தம் நோயாளிகளின் கணக்கை வெளியிட்டபோது, அதே நிலையத்தில் பிற அறுவை மருத்துவர்கள் பழைய முறையில் அறுத்த நோயாளிகளைக் காட்டிலும் அவருடைய நோயாளிகள் மிகுதியாகப் பிழைத்திருந்தனர். உலகெங்கும் அறுவை மருத்துவர்கள் இம்முறையைப் பின்பற்றலாயினர்.

காரணம் தெளிவு, காட்சி தெளிவு, கணக்கும் சாதகம். இதற்குமேல் என்ன வேண்டும் என்று தோன்றும். வேண்டியது ஒன்றிருந்தது. டர்ன்புல்லின் நோயாளிகளையும் மற்றவர்களின் நோயாளிகளையும் பிரித்தது தொடா முறை ஒன்றுதானா? அவர் கைத்திறன் வேறு. அவர் வெட்டியெடுத்த அளவு வேறாயிருக்கலாம். அவரை நாடி வந்த நோயாளிகளே வேறாயிருக்கலாம். இவ்வையத்தைத் தீர்க்க ஒரே வழி, திருவுளச்சீட்டுப் போட்டாற்போல நோயாளிகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றார்க்கு ஒரு முறையும் மற்றவர்க்கு மற்றொரு முறையும் செய்து பார்ப்பதே. நெதர்லாந்தில் 236 பேரைக் கொண்டு அவ்வாறு செய்த சோதனையின் முடிவு 1988இல் வெளிவந்தது. ஐந்தாண்டு பிழைத்திருந்தோர் தொடா முறையில் 59.8 விழுக்காடு, பழைய முறையில் 56.3 விழுக்காடு. இது தற்செயலாகவும் வரக்கூடிய வேறுபாடே. பின்னர் ஜப்பானியர் 853 பேரைக் கொண்டு இன்னும் பெரிய அளவில் சோதித்தனர். 2022இல் அச்சேறிய அவ்வறிக்கையின்படி மூன்றாண்டு நோயின்றி வாழ்ந்தோர் பழைய முறையில் 77.3 விழுக்காடு, தொடா முறையில் 76.2 விழுக்காடு. 1967இல் தோன்றிய கருத்து உண்மையிலேயே பயனுடையதன்று எனத் தெளிய ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

இவ்வரலாற்றுக்கு ஒரு கிளைக்கதையும் உண்டு. 1950களிலும் 1960களின் தொடக்கத்திலும் புற்றுநோயாளிகளின் குருதியில் புற்றணுக்கள் கண்டதாக அறிக்கைகள் குவிந்தன. பின்னர் அந்தக் கண்ணாடித் தட்டுகளை மீண்டும் எடுத்துப் பார்த்தவர்கள், புற்றணு எனக் குறிக்கப்பட்டவற்றுட் பல எலும்பு மச்சையிற் பிறந்து குருதியில் வந்து சேர்ந்த பேருருவ அணுக்கள் எனக் கண்டனர். ஏட்டுச்சுவடியில் எழுத்தை மாற்றிப் படித்துப் புதுப்பாடம் கண்டவர்கள் கதை நமக்குத் தெரியாததன்று. பார்ப்பவர் எதை எதிர்பார்க்கிறாரோ அதுவே கண்ணிற் படுகிறது. ஆராய்ச்சியார்வம் தணிந்து, இத்துறை பல ஆண்டுகள் உறங்கிக் கிடந்தது.

காந்தமும் கணக்கும்

உறக்கத்தைக் கலைத்தது ஒரு கருவி. குடல், மார்பு முதலிய உறுப்புகளின் மேற்பரப்பு அணுக்களில் 'எப்கேம்' என்னும் ஒரு புரதம் உண்டு. குருதியணுக்களில் அது இல்லை. அப்புரதத்தைப் பற்றிக்கொள்ளும் பொருளை மிகச்சிறிய இரும்புத் துகள்களின்மேற் பூசி, குருதியிற் கலந்து, காந்தத்தால் இழுத்தால், மேற்பரப்பு அணுக்கள் மட்டும் திரண்டு வரும். பின்னர்ச் சாயமேற்றிப் பார்த்து, வெள்ளணுவுக்குரிய அடையாளம் உடையவற்றைத் தள்ளி, எஞ்சியவற்றை எண்ணுவர். 'செல்சர்ச்' என்னும் பெயர் கொண்ட இக்கருவிக்கு அமெரிக்க அரசின் மருந்துத் துறை மார்புப் புற்றுக்கு 2004இலும், பெருங்குடற் புற்றுக்கு 2007இலும் ஒப்புதல் அளித்தது. எடுக்கும் குருதி 7.5 மில்லிலிட்டர். அதில் மார்புப் புற்றாயின் ஐந்து, குடற் புற்றாயின் மூன்று அணுக்களோ அவற்றிற்கு மேலோ இருப்பின் தீக்குறி என்பர்.

இந்த மூன்றின் சிறுமையை எண்ணிப் பார்க்க வேண்டும். 7.5 மில்லிலிட்டர் குருதியில் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 3,750 கோடி. வெள்ளணுக்கள் மூன்று கோடிக்குக் குறையா. அவற்றிடையே மூன்றைத் தேடி எடுக்கிறது கருவி. இவ்வருஞ்செயலைப் பாராட்டாதிருக்க முடியாது.

கருவியைக் கொண்டு செய்த ஆராய்ச்சிகளுள் தலையாயது, கோயன் என்பாரும் அவர் குழுவினரும் 2008இல் வெளியிட்டது. பரவிய பெருங்குடற் புற்றுடைய 430 பேர் அதிற் சேர்க்கப்பட்டனர். மருந்து தொடங்குமுன் அவர்களுள் 26 விழுக்காட்டினர்க்கு மூன்றோ அதற்கு மேலோ அணுக்கள் இருந்தன. அவர்களுட் பாதிப்பேர் 9.4 திங்களுக்குள் இறந்தனர். மூன்றுக்குக் குறைவான அணுக்கள் உடையோரிலோ பாதிப்பேர் இறக்க 18.5 திங்கள் ஆயின. ஏறத்தாழ இரு மடங்கு. அஃதன்றியும், முதலில் மிகுந்திருந்த எண்ணிக்கை கீமோ தொடங்கி மூன்று முதல் ஐந்து வாரங்களுக்குள் குறைந்தவர்கள், குறையாதவர்களினும் நீண்ட நாள் வாழ்ந்தனர்: முன்னவர்க்கு நடு அளவு 11 திங்கள், பின்னவர்க்கு 3.7 திங்கள். நெதர்லாந்தில் 2010இல் வெளிவந்த வேறோர் ஆராய்ச்சியும் இதனோடு ஒத்தது. ஆகவே முதல் வினாவுக்கு விடை உறுதி: எண்ணிக்கை நோயின் போக்கைச் சொல்கிறது.

இங்கே இருவகை எச்சரிக்கை தேவை. முதலாவது கணக்கைப் பற்றியது. மூட்டை அரிசியில் படிக்குச் சராசரி மூன்று கல் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். படி படியாக அளந்து பார்த்தால் ஒவ்வொரு படியிலும் சரியாக மூன்றா இருக்கும்? ஒன்றில் ஒரு கல், ஒன்றில் ஐந்து, ஒன்றில் ஒன்றுமே இல்லை. நிகழ்தகவுக் கணக்கின்படி நூறு படிகளில் ஏறத்தாழ 42 படிகளில் இரண்டோ அதற்குக் குறைவோதான் இருக்கும். உடலில் ஓடும் ஐந்து லிட்டர் குருதியில் நாம் எடுப்பது அறுநூற்றில் ஒரு பங்கிற்கும் குறைவு. உண்மையில் மூன்று என்னும் அளவில் நிற்கும் ஒரு நோயாளியின் குருதியை மீண்டும் மீண்டும் எடுத்தால், கருவி ஒரு பிழையும் செய்யாதபோதும், நூற்றில் 42 முறை அவர் 'நற்குறி'க் கூட்டத்தில் வைக்கப்படுவார். கூட்டத்தைப் பற்றிப் பேசும்போது இது பெரிய குறையன்று. ஏறுவதும் இறங்குவதும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். தனியொருவருக்கு மருந்தைத் தேர்ந்து கொடுக்கும்போதோ இது சிறிய குறையன்று.

இரண்டாவது, அணு வரும் வழியைப் பற்றியது. பெருங்குடலின் குருதி நேரே இதயத்திற்குச் செல்வதில்லை. ஈரல்வாயிற் சிரை வழியே முதலில் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் ஒரு பெரும் சல்லடை. அங்கே பெரும்பகுதி தங்கிவிட, எஞ்சியவையே கைநாளத்துக்கு வந்து சேருகின்றன. இதனாலேயே குடற் சிரையில் எடுத்த குருதியில் மிகுதியாகவும், கையில் எடுத்த குருதியில் குறைவாகவும் அணுக்கள் காணப்படுகின்றன. குடற் புற்றுக்கு வைத்த வரம்பு மார்புப் புற்றின் வரம்பினும் தாழ்ந்திருத்தலும் இதனோடு பொருந்துகிறது. மலக்குடலின் கீழ்ப்பகுதியின் குருதியோ கல்லீரலைத் தொடாமல் பெருஞ்சிரையை அடைகிறது. ஆகவே இரு நோயாளிகளின் கையில் ஒரே எண் கிடைத்தாலும் அதன் பொருள் ஒன்றாயிருக்க வேண்டியதில்லை. மேலும், பரவும் முயற்சியில் சில அணுக்கள் தம் மேற்பரப்புக் குணத்தை இழந்து எப்கேம் புரதத்தையும் உதிர்த்துவிடுகின்றன. காந்தத்துக்கு அவை அகப்படுவதில்லை. பிடிபட்டவை மட்டும் எண்ணிக்கையில் ஏறுகின்றன.

புகையும் நெருப்பும்

இனிக் கீமோவுக்கு வருவோம். பெருங்குடற் புற்றுக்கு இன்றும் அடிப்படையாயுள்ள மருந்து புளூரோயுராசில். அமெரிக்காவில் ஹைடல்பர்கரும் அவர் தோழரும் 1957இல் இதனை வெளியிட்டனர். புற்றணு தன் மரபுப்பொருளைப் படியெடுக்க வேண்டும் மூலப்பொருளைப் போலவே தோற்றமளித்து உட்புகுந்து, படியெடுக்கும் வேலையைத் தடுப்பது இம்மருந்து. அதாவது, பிளந்து பெருகும் அணுவையே இது முதன்மையாகத் தாக்கும். குருதியில் திரியும் அணுக்களுட் பல அவ்வேளையிற் பிளவுறாதிருப்பவை. அவற்றின் வாழ்நாளும் பெரும்பாலும் சில மணி நேரமே. அவற்றைக் கொல்ல மருந்தே வேண்டுவதில்லை. பெரும்பான்மை தாமே மாய்கின்றன. எனின், கீமோ தொடங்கிய சில வாரங்களில் எண்ணிக்கை குறைவது எதனால்? மருந்து கட்டியைத் தாக்கியதனால் கட்டி உதிர்க்கும் அணு குறைந்தது என்பதே பொருத்தமான விளக்கம். குருதியிலுள்ள அணு, கட்டி விடுக்கும் செய்தி.

புகையைக் கண்டு நெருப்பை அறிதல் நம் அளவை நூலார் காட்டும் பழைய எடுத்துக்காட்டு. மணிமேகலையும் அதனைப் பேசுகிறது. புகை அடங்கினால் நெருப்பு அடங்கிற்று எனக் கொள்ளலாம். புகை அடங்கவில்லையாயின்? ஊற்றிய நீர் போதவில்லை என்பது தெரிகிறது. வேறு கிணற்று நீரை ஊற்றினால் அடங்கும் என்பது மட்டும் தெரியவில்லை. எந்நீருக்கும் அடங்காத நெருப்பாகவும் இருக்கலாம். இந்த இடத்தில்தான் இரண்டாம் வினா தோன்றுகிறது.

அதனைக் குறுக்கே நிறுத்தி நேருக்கு நேர் கேட்ட சோதனை ஒன்று உண்டு. அது குடற் புற்றில் அன்று, பரவிய மார்புப் புற்றில் நடந்தது. அமெரிக்காவில் 'ஸ்வாக்' என்னும் கூட்டுக் குழுவினர் நடத்தி 2014இல் வெளியிட்டனர். முதல் கீமோ தொடங்கி 21 நாட்கள் கழிந்தும் எண்ணிக்கை குறையாத 123 பெண்டிரைச் சீட்டுப் போட்டுப் பிரித்து, ஒரு சாரார்க்கு அதே மருந்தைத் தொடர்ந்தனர். மறு சாரார்க்கு உடனே வேறு கீமோவுக்கு மாற்றினர். தொடர்ந்தவர்களின் வாழ்நாள் நடு அளவில் 10.7 திங்கள், மாற்றியவர்களுக்கு 12.5 திங்கள். இது தற்செயலைத் தாண்டிய வேறுபாடு அன்று என முடிவாயிற்று. அதே சோதனையில், தொடக்கத்திலேயே எண்ணிக்கை குறைந்திருந்தோர் 35 திங்களும், மிகுந்திருந்து பின் குறைந்தோர் 23 திங்களும், குறையாதோர் 13 திங்களும் வாழ்ந்தனர். குறி பொய்க்கவில்லை, மிக நுட்பமாக மெய்யையே உரைத்தது. அதன்படி நடந்தும் பயன் விளையவில்லை. முன்னறிவும் வழிகாட்டுதலும் வேறு என்பதற்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது.

குடற் புற்றில் நடந்தது ஸ்பானிய அறிஞர்களின் 'விஸ்னு' என்னும் சோதனை. பெயரைக் கண்டு நம்மவர் திகைக்க வேண்டா. 2020இல் வெளிவந்த இதன் முடிவே எண்ணிக்கை வழி மருத்துவத்துக்கு ஆதரவாக இன்று மிகுதியாக எடுத்துக்காட்டப்படுவது. ஆதலின் இதனைச் சற்று ஊன்றிப் பார்க்க வேண்டும். குருதியில் மூன்றோ அதற்கு மேலோ அணுக்கள் உடைய 349 பேரைத் தேர்ந்து, பெவாசிசுமாப் என்னும் மருந்தை எல்லார்க்கும் கொடுத்து, அதனோடு ஒரு சாரார்க்கு வழக்கமான கீமோவும், மறு சாரார்க்கு இரினோட்டெக்கான் என்னும் மருந்தையும் சேர்த்து வலுமிக்க கீமோவும் கொடுத்தனர். நோய் மேலும் வளராதிருந்த காலம் முன்னவர்க்கு 9.3 திங்கள், பின்னவர்க்கு 12.4 திங்கள். மொத்த வாழ்நாளில் உறுதியான வேறுபாடு காணப்படவில்லை.

'பார்த்தீர்களா, எண்ணிக்கை மிகுந்தவர்களுக்கு வலுமிக்க மருந்து பயன்படுகிறது' என்பர். பயன்படுகிறது, ஐயமில்லை. எண்ணிக்கை குறைந்தவர்களுக்கு அம்மருந்து பயன்படாதா? அவர்கள் இச்சோதனையின் சீட்டில் சேர்க்கப்படவே இல்லை. அவர்களைச் சேர்க்காத சோதனை, எண்ணிக்கைதான் வேறுபாட்டுக்குக் காரணம் என்று எங்ஙனம் சொல்லும்? இத்தாலியில் நடந்து 2014இல் வெளிவந்த 'ட்ரைப்' என்னும் சோதனையை இதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உண்மை விளங்கும். அங்கே 508 பேர். குருதியில் எத்தனை அணுக்கள் என்று பார்த்துத் தேர்ந்தவர்கள் அல்லர். அங்கும் பெவாசிசுமாப் பொது. வழக்கமான கீமோ பெற்றோர்க்கு 9.7 திங்கள், வலுமிக்க கீமோ பெற்றோர்க்கு 12.1 திங்கள். வழக்கமான மருந்துக் கூட்டு இரு சோதனைகளிலும் ஒன்றன்று. எனினும் எண்ணிப் பார்த்துக் கொடுத்ததனால் கிடைத்த ஆதாயமும் எண்ணாமற் கொடுத்ததனால் கிடைத்த ஆதாயமும் ஒன்றற்கொன்று நெருங்கியே நிற்கின்றன. அப்படியாயின் எண்ணியதனால் விளைந்தது யாது? ஸ்பானியர் செய்தது நல்ல சோதனை. மருந்தைப் பற்றிய சோதனை. அதனைக் குறியைப் பற்றிய சோதனையாகப் படிப்பவர்கள்தாம் தவறுகிறார்கள்.

இஃது ஏட்டளவில் நிற்கும் வாதம் அன்று. மருந்தை மிகுப்பதற்கு விலை உண்டு. அதனை நோயாளியின் உடல் செலுத்துகிறது. ட்ரைப் சோதனையில் கடுமையான வெள்ளணுக் குறைவு வழக்கமான கீமோவில் 20.5 விழுக்காட்டினர்க்கும், வலுமிக்க கீமோவில் 50 விழுக்காட்டினர்க்கும் வந்தது. கடும் வயிற்றுப்போக்கு 10.6 விழுக்காட்டிலிருந்து 18.8 ஆயிற்று. ஆக்சாலிபிளாட்டின் என்னும் மருந்து நரம்புகளைத் தாக்கும். குளிர்ந்த நீரைத் தொட்டால் விரல்களில் ஊசி குத்தும்; பின்னர் மரத்துப் போகும்; சட்டைப் பொத்தானும், பேனாவும், சுண்ணக்கட்டியும் கைக்கு அடங்கா. மூன்றாம் நிலைப் பெருங்குடற் புற்றில் அறுவைக்குப் பின் இம்மருந்தை ஆறு திங்கள் கொடுப்பதா, மூன்று திங்கள் கொடுப்பதா என 12,834 பேரைக் கொண்ட ஆறு சோதனைகளைச் சேர்த்து ஆராய்ந்து 2018இல் வெளியிட்டனர். குறிப்பிடத்தக்க நரம்புக் கேடு ஆறு திங்கள் பெற்றோருள் ஏறத்தாழப் பாதிப்பேர்க்கும், மூன்று திங்கள் பெற்றோருள் ஏறத்தாழ ஆறில் ஒருவர்க்கும் வந்தது. ஒரு குழாய்க் குருதியில் கண்ட எண்ணை நம்பி மருந்தை மிகுப்பவர், இந்த விலையை மற்றொருவர் மேல் சுமத்துகிறார். எண்ணை நம்பிக் குறைப்பவரோ உயிரையே பணயம் வைக்கிறார். அரிசி மூட்டைக் கணக்கை மறந்துவிட வேண்டா.

அங்ஙனமாயின் குருதியைக் கொண்டு மருந்தைத் தீர்மானிக்கவே இயலாதா? இயலும் என்பதற்கும் சான்றுண்டு. அதற்கான சோதனை எப்படியிருக்க வேண்டும் என்பதனையும் அது காட்டுகிறது. புற்றணு சிதையும்போது அதன் மரபுப்பொருளின் துணுக்குகள் குருதியிற் கலக்கின்றன. ஆஸ்திரேலியாவில் இரண்டாம் நிலைப் பெருங்குடற் புற்றுக்கு அறுவை செய்துகொண்ட 455 பேரைச் சீட்டுப் போட்டுப் பிரித்தனர். ஒரு சாரார்க்கு மருத்துவர் வழக்கம்போலத் தம் மதிப்பீட்டின்படி கீமோ கொடுத்தனர் அல்லது விடுத்தனர். மறு சாரார்க்கு அத்துணுக்குகள் குருதியிற் காணப்பட்டால் மட்டும் கீமோ. 2022இல் வெளிவந்த முடிவு இது: வழக்கமான முறையில் 28 விழுக்காட்டினர் கீமோ பெற்றனர், குருதி வழி நடந்தோருள் 15 விழுக்காட்டினரே பெற்றனர். நோய் மீளாமல் ஈராண்டு கடந்தோர் முறையே 92.4, 93.5 விழுக்காடு. பாதிப்பேர்க்குக் கீமோ மிச்சமாயிற்று; தீங்கு நேரவில்லை. இங்கே சீட்டில் நின்றது மருந்தன்று, குறியே என்பதைக் கவனிக்க. விஸ்னு சோதனையில் இல்லாதது இதுதான்.

இதனைக் கண்டு துள்ளவும் வேண்டா. வட அமெரிக்காவில் இதனையொத்த 'கோப்ரா' என்னும் சோதனையில், துணுக்கு காணப்பட்ட 16 பேருள் கீமோ பெற்ற 9 பேரில் ஒருவர்க்கே ஆறு திங்களில் அது மறைந்தது. கீமோ இன்றிக் கண்காணிப்பில் இருந்த 7 பேரில் மூவர்க்கு மருந்தில்லாமலே மறைந்துவிட்டது. பயனிராதெனச் சோதனையை நிறுத்தி, 2024இல் அறிவித்தனர். பதினாறு பேரைக் கொண்டு யாதொரு முடிவும் கட்ட முடியாது. குறி தோன்றுவதும் மறைவதும் மருந்தை மட்டும் பொறுத்ததன்று என்னும் ஐயத்தை மட்டும் அது விட்டுச் சென்றது.

நம் சிங்கையும் இவ்வாராய்ச்சிக்குப் புறம்பானதன்று. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் லிம் சுவீ டெக் அவர்களின் ஆய்வுக்கூடத்தில் பிறந்த ஒரு முறை, காந்தத்தையும் எப்கேம் புரதத்தையும் நம்புவதில்லை. சுருள் வடிவான நுண்கால்வாயில் குருதியை ஓடவிட்டால், பெரிய அணுக்கள் ஓர் ஓரமாகவும் சிறியவை மற்றோர் ஓரமாகவும் ஒதுங்குகின்றன. புற்றணுக்கள் பெரும்பாலும் குருதியணுக்களினும் பெரியவை. ஆகவே எப்கேம் உதிர்த்து மறைந்து திரிபவையும் இதில் ஒதுங்கும். பிடிப்பது மட்டுமன்றி, உயிரோடு பிடிப்பதும் இதனால் எளிதாகிறது. எண்ணி முடித்துத் தூக்கி எறிவதைவிட, பிடித்த அணுவின் மீதே மருந்தைச் சோதித்துப் பார்க்கும் வழி திறக்கலாம் என்பது இத்துறையினர் கொண்டுள்ள நம்பிக்கை. என் மதிப்பீட்டில் இம்முறையின் பெருஞ்சிறப்பு இதுவே; எண்ணைச் செம்மையாக்குவதன்று.

எண்ணைச் செம்மையாக்க நினைப்பவர்க்கு வேறொரு சிக்கலும் காத்திருக்கிறது. 2014இல் அசெட்டோ என்பாரும் அவர் குழுவினரும் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, புற்றணுக்கள் சில வேளைகளில் தனித்தனியே திரியாமல் இரண்டும் பலவுமாகக் கொத்தாய்த் திரிகின்றன. மிக அரியவையே எனினும், எலிகளில் அத்தகைய கொத்து ஒன்றின் பரவும் ஆற்றல் தனியணுவினதைப்போல 23 முதல் 50 மடங்கு. நோயாளி ஒருவரின் குழாயில் தனியணுக்கள் இரண்டும், மற்றொருவரின் குழாயில் ஐந்தணுக் கொத்து ஒன்றும் கிடைத்தால், பின்னவர்க்கு எழுத வேண்டிய எண் ஒன்றா, ஐந்தா, ஐம்பதா?